வண்டி ஓட்டப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிரைவிங் ஸ்கூல் கார்களில் சொல்லிக் கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் அவர் மிதித்துவிடுவார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல சமயம் அவர் சத்தமில்லாமல் லேசாக மிதிப்பது ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. தானே சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். நின்றிருக்கும் வேனுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடி வரலாம் என்று இரண்டு விநாடிக்கு முன்பே யூகித்தது பக்கத்து சீட்டில் இருந்தவர். பயிற்சி முடிந்து தனியாக வண்டி எடுக்கும் நாளில் கிளட்ச், கியர் எல்லாம் கைவசம் இருக்கும். அந்த யூகம் மட்டும் இருக்காது.

வண்டியை நகர்த்தத் தெரிந்ததை ஓட்டத் தெரிந்ததாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளுக்கும் இதுவே வேர். கையும் காலும் சில வாரங்களில் பழகிவிடும். கண் பழக மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட ஆகும். 1972-ல் மூரன்ட், ராக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள், ஓட்டுநர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்து பார்த்தார்கள். புதிதாக ஓட்டுபவர்கள் பெரும்பாலும் வண்டிக்குச் சற்று முன்னால் இருக்கும் சாலையையே பார்த்தார்கள். பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிகளை அனுபவசாலிகள் அளவுக்குப் பார்க்கவில்லை. அனுபவசாலிகளின் பார்வையோ தூரத்துக்கும் பக்கவாட்டுக்கும் விரிந்து போய் வந்தது. பிரிட்டனில் 2002 முதல் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வோடு, வீடியோ காட்சிகளில் ஆபத்து உருவாவதைக் கண்டுபிடிக்கும் தேர்வையும் சேர்த்தார்கள். கண்ணுக்கும் பாடம் உண்டு என்று ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

இந்தப் பாடத்துக்கு வண்டிகூட வேண்டாம். அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடக்கப் போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஓரமாக நிற்கும் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஓட்டுநர் சீட்டில் தலை தெரிகிறதா? பிரேக் விளக்கு இப்போதுதான் அணைந்ததா? முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறதா? அப்படியானால் இண்டிகேட்டர் போட்டாலும் போடாவிட்டாலும் அந்தக் கார் கிளம்பப் போகிறது. நின்ற பேருந்தின் அடியில் கால்கள் தெரிந்தால், யாரோ குறுக்கே வரப் போகிறார்கள். இதெல்லாம் அனுபவசாலிகள் யோசிக்காமலே செய்வது. அதனாலேயே அவர்களால் இதை எடுத்துச் சொல்லிக் கொடுக்க முடிவதில்லை. 'பார்த்து ஓட்டு' என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது வேகத்தைப் பற்றிய தப்புக் கணக்கு. 80-ல் போவது 60-ஐவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்று நமக்குத் தோன்றும். கணக்கு வேறு மாதிரி போகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடந்துவிடுகிறோம். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால், வண்டி இன்னும் வேகம் குறையாமலே அந்த 17 மீட்டர் போய்விட்டது. அப்புறம் காய்ந்த சாலையில் நன்றாக பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 20 மீட்டர். ஆக 37. வேகம் 80 என்றால் யோசிக்கும் நேரத்திலேயே 22 மீட்டர், பிரேக் பிடித்து நிற்க 36 மீட்டர், மொத்தம் 58. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது. பிரேக் தூரமோ ஏறக்குறைய இரண்டு மடங்கை நெருங்கிவிட்டது, ஏனென்றால் அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும்.

இதே கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோனால்தான் உறைக்கும். இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன, ஒன்று 60-ல், மற்றது 80-ல். இரண்டு ஓட்டுநர்களும் குறுக்கே ஒருவர் வருவதை ஒரே நொடியில் பார்க்கிறார்கள். முதல் கார் அவர்மேல் படாமல் நின்றுவிடுகிறது. அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது காரின் வேகம் எவ்வளவு இருக்கும்? பத்து, இருபது என்றுதான் பலரும் சொல்வார்கள். விடை சுமார் 60. முதல் கார் எந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்ததோ, கிட்டத்தட்ட அதே வேகத்தில் இரண்டாவது கார் மோதுகிறது. வேக வரம்புப் பலகைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது என்பேன். சாலை நனைந்திருந்தால் எல்லா எண்களும் இன்னும் ஏறும். இரவில் லோ பீம், அதாவது கீழ்நோக்கி விழும் முன்விளக்கு வெளிச்சம், பல வண்டிகளில் 40 முதல் 60 மீட்டர் வரைதான் எட்டும். விளக்கில்லாத சாலையில் 80-ல் போகிறவர், தன்னால் நிறுத்த முடிகிற தூரத்தைத் தாண்டிப் பார்க்கவே முடியாமல் ஓட்டுகிறார்.

முன்வண்டியோடு இடைவெளி விடுவதும் இதே கணக்கில் வருவதுதான். அந்த வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் இரண்டு விநாடி எண்ணுங்கள். எண்ணி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், ரொம்ப ஒட்டிப் போகிறீர்கள். மழையில் நான்கு விநாடி. இடைவெளி விட்டால் வேறொருவர் உள்ளே புகுந்துவிடுவார் என்று சொல்வார்கள். உண்மைதான், புகுவார். மறுபடியும் இடைவெளி விட வேண்டியதுதான்.

வெறும் வெயில் நேரத்தில், காலியான சாலையில், தெரிந்த வழியில் மட்டும் பழகிவிட்டு 'கற்றுக்கொண்டாயிற்று' என்று முடிப்பது இன்னொரு தவறு. சுவீடனில் 1993-ல் அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகும் வயதை 16-ஆகக் குறைத்தார்கள். லைசென்ஸ் தரும் வயது 18-தான், அதில் மாற்றமில்லை. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தியவர்கள் சராசரியாக 120 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பழகினார்கள். பழைய முறையில் இருந்ததைப் போல அது இரண்டு மடங்குக்கும் மேல். லைசென்ஸ் வாங்கிய பிறகு அவர்களின் விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. அதில் ஒரு பங்கு, அவ்வளவு மெனக்கெடும் குடும்பங்களின் இயல்பாலும் வந்திருக்கலாம். இருந்தாலும் சேதி தெளிவு: மழை, இரவு, நெரிசல், நெடுஞ்சாலை ஒவ்வொன்றையும் முதல்முறை சந்திக்கும்போது பக்கத்தில் ஓர் அனுபவசாலி இருக்க வேண்டும். நியூசிலாந்து 1987-லேயே லைசென்ஸைப் படிப்படியாகத் தரும் முறையைக் கொண்டுவந்தது. புதிதாக ஓட்டுபவர் தனியாகப் போகலாம், ஆனால் தொடக்கத்தில் இரவு நேரத்துக்கும் நண்பர்களை ஏற்றிக்கொள்வதற்கும் கட்டுப்பாடு. இளைஞர் ஓட்டும் காரில் சக வயது நண்பர்கள் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

பக்கத்தில் உட்காருவது அப்பாவோ அண்ணனோ என்றால் ஒரு விஷயம். 'ஒண்ணும் ஆகாது, போ' என்பவரும் வேண்டாம், ஒவ்வொரு திருப்பத்திலும் கத்துபவரும் வேண்டாம். அவர்களுடைய பழக்கங்களும் பாடத்தோடு சேர்ந்தே வந்துவிடும். சீட் பெல்ட் போடாதவரிடம் பழகுகிறவரும் போடமாட்டார்.

திறமை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது நம்பச் சுலபமான கருத்து. நார்வேயில் வழுக்குச் சாலையில் வண்டியைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைப் புதிய ஓட்டுநர்களுக்குக் கட்டாயமாக்கினார்கள். பிறகு ஆராய்ந்தபோது, இளம் ஆண்களின் விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன. சறுக்கினால் சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியம், சறுக்கும் வேகத்திலேயே போக வைத்துவிட்டது. சறுக்காத வேகத்தில் போவது எப்படி என்றுதான் சொல்லித் தந்திருக்க வேண்டும். உளவியல் ஆய்வாளர் ஓலா ஸ்வென்சன் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் 93 சதவீதம் பேர் தாங்கள் சராசரியைவிட நன்றாக ஓட்டுவதாகச் சொன்னார்கள். மீதி 7 சதவீதம் பேரின் காரில் ஏறத்தான் எனக்கு விருப்பம்.

ஆனால் ஒரே ஒரு வண்டித் திறமையைக் கட்டாயம் பழகச் சொல்வேன்: அவசர பிரேக். பல வருடம் ஓட்டியவர்களில்கூடப் பலர் பிரேக்கை முழு பலத்தோடு ஒருமுறையும் மிதித்துப் பார்த்ததில்லை. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் அப்படி மிதித்தால் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது. அந்த அதிர்வுதான் ஏபிஎஸ் வேலை செய்வதற்கு அடையாளம். அழுத்தியபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகவும் முடியும். ஆளில்லாத மைதானத்தில் குறைந்த வேகத்தில் நாலைந்து முறை செய்து பார்த்தால் போதும். பைக் ஓட்டுபவர்களில் சிலர் முன்பிரேக்கைத் தொட்டாலே தூக்கிப் போட்டுவிடும் என்று பின்பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, முன்பிரேக்கைச் சட்டென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்திப் பழக வேண்டும்.

போன் விஷயத்தில் நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓட்டும்போது போன் பயன்படுத்தினால் விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹேண்ட்ஸ்ஃப்ரீயால் பெரிய லாபம் இல்லை. கை காலியாக இருந்தாலும் கவனம் பேச்சில்தானே இருக்கிறது.

டிரைவிங் ஸ்கூலில் சேரும் முன் ஒன்றிரண்டு கேள்விகள் கேளுங்கள். இரவில் ஒரு வகுப்பாவது உண்டா? மழை வந்தால் வகுப்பை ரத்து செய்வார்களா, ஓட்ட வைப்பார்களா? அவசர பிரேக் சொல்லித் தருவார்களா? பக்கத்திலிருப்பவர் பிரேக் மிதித்தால், ஏன் மிதித்தேன் என்று அப்போதே சொல்வாரா? இதற்கெல்லாம் 'லைசென்ஸ் கேரண்டி' என்று மட்டும் பதில் வந்தால், வேறு ஸ்கூல் தேடுங்கள்.