சிங்கிள் மால்ட், சிங்கிள் கிரெயின் விஸ்கி: முதன்முறை ருசித்துக் குறிப்பெழுதுவது எப்படி?

ஆரம்பிக்க இரண்டு பாட்டில் போதும். ஸ்காட்லாந்தின் டஃப்டவுனில் வடிக்கும் கிளென்ஃபிடிக் 12 ஒன்று. கேமரன்பிரிட்ஜ் டிஸ்டிலரியிலிருந்து வரும் ஹெய்க் கிளப் இன்னொன்று. முன்னது மால்ட், பின்னது கிரெயின். இரண்டிலும் ஆல்கஹால் 40 சதவீதம் என்பதால் ஒப்பிடுவது சுலபம்.

'சிங்கிள்' என்றால் ஒரே டிஸ்டிலரியில் வடித்தது, அவ்வளவுதான். மால்ட்டுக்கு முளைகட்டிய பார்லி மட்டும். செம்புக் கொப்பரையில் ஈடு ஈடாக வடிப்பார்கள். கிரெயினில் முளைகட்டிய பார்லியோடு கோதுமையோ மக்காச்சோளமோ சேரும். பெரும்பாலும் உயரமான தூண் போன்ற கலனில் இடைவிடாமல் வடியும். 1830-ல் ஏனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற முறை அது. ஸ்காட்ச், அதாவது ஸ்காட்லாந்து விஸ்கி, என்று சொல்ல இரண்டுமே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும். கிரெயின் மெலிதாக வடிவதால் பீப்பாயின் வெனிலாவும் தேங்காய் வாசனையும் அதில் பளிச்சென்று தெரியும். பல விஸ்கிகளைச் சேர்த்துச் செய்யும் பிளெண்டில் கலக்கத்தான் லாயக்கு என்று அதை ஒதுக்குவது அநியாயம்.

வாய் குறுகிய கிளாஸில் 20 மில்லி ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம், குளிரில் மணம் அடங்கிவிடும். பக்கத்தில் ஊதுபத்தி, சென்ட், தாளிப்பு எதுவும் கூடாது. நிறத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள்; ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

இனி மூக்கு. பாதி வேலை இங்கேதான். கிளாஸுக்குள் மூக்கை நுழைத்தால் ஆல்கஹால் சுள்ளென்று ஏறி மற்ற வாசனையெல்லாம் மறைந்துபோகும். கிளாஸை மோவாயருகே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, சின்னதாக மோந்து பாருங்கள். விட்டுவிட்டு மூன்று முறை. தோன்றியதை உடனே எழுதுங்கள், லேபிளில் உள்ள வர்ணனையைப் படிப்பதற்கு முன்பே.

பிறகு ஒரு சின்ன மடக்கு. முதல் மடக்கு எரியத்தான் செய்யும், அதை வைத்துத் தீர்ப்பு வேண்டாம். இரண்டாவதை நாக்கில் பத்து விநாடி புரட்டுங்கள். விழுங்கியதும் எது எவ்வளவு நேரம் தங்குகிறது என்று கவனியுங்கள். துப்பினாலும் தவறில்லை, பிளெண்டர்கள் பெரும்பாலும் மூக்கை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

அடுத்து, டிராப்பரில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி மோந்து பாருங்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் லஃப்ரோய்க் 10 விஸ்கியில் இதைச் செய்தபோது, முதலில் டிஞ்சர் போட்ட கட்டுத்துணி மாதிரி அடித்த வாடை விலகி, அடியிலிருந்து சுட்ட சோளக்கதிரின் இனிப்பு எழுந்தது. 'பீட் புகை' (முளைகட்டிய பார்லியை உலர்த்த எரிக்கும் சதுப்புநிலக் கரிமண்ணின் புகை) என்று மட்டும் எழுதியிருந்தால் வாசிப்பவருக்கு இது எட்டியிருக்காது. ஏலக்காய், கருப்பட்டி, பலாச்சுளை, மழை நனைத்த சாக்கு என்று உங்கள் வீட்டுச் சொற்களையே போடுங்கள். தெரியாத பழத்தின் பெயரைக் கடன் வாங்க வேண்டாம்.

குறிப்பில் பெயர், ஆல்கஹால் அளவு, வயது, தேதி, பிறகு மணம், ருசி, தங்கும் நேரம், தண்ணீருக்குப் பின் மாற்றம். வயது என்பது (கிளென்ஃபிடிக் 12-ல் உள்ள 12 போல) பாட்டிலில் சேர்ந்திருக்கும் விஸ்கிகளிலேயே இளையது பீப்பாயில் கிடந்த வருடங்கள். மதிப்பெண் கடைசியில். இரண்டு நாள் கழித்து, எந்த கிளாஸில் எது என்று தெரியாமல் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லி, திரும்ப எழுதிப் பாருங்கள். இரண்டு குறிப்பிலும் ஒத்துவரும் வரிகளை மட்டும் வெளியிடுங்கள்.