போலந்தில் முதல் கோடை: கிரில்லுக்குக் கூப்பிட்டால் போய்விடுங்கள்

குளிர்காலத்தில் போலந்துக்கு வந்து இறங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கட்டில் ‘ஜென் டோப்ரி’ (வணக்கம்) என்பதோடு சரி. கூட வேலை பார்ப்பவர்கள் மாலையானதும் கிளம்பிவிடுகிறார்கள். யாரும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ஏப்ரல் கடைசி வரை பொறுங்கள். நாலு நாள் தொடர்ந்து வெயில் அடித்தால் போதும், ஊரே வெளியே வந்து உட்கார்ந்துவிடும். தோட்டம் உள்ள வீடுகளிலிருந்தெல்லாம் கரிப்புகை கிளம்பும். அப்போதுதான் உங்களுக்கும் அந்த அழைப்பு வரும்: “சனிக்கிழமை கிரில் போடுறோம், வாங்க.”

கிரில் என்பது கரி அடுப்பில் சுட்டு, வெளியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. அந்த அழைப்பைத் தட்டிக் கழிக்காதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். “பன்றி சாப்பிட மாட்டேன்”, “நான் சைவம்”, “குடிப் பழக்கம் இல்லை” என்று நம்மவர்கள் மறுத்துவிடுகிறார்கள். மூன்றுக்கும் அங்கே சுலபமான வழி இருக்கிறது. ஒரு முறை மறுத்தால் அடுத்த அழைப்பு அடுத்த கோடையில்தான் வரும், சில சமயம் வராமலே போகும்.

எப்போது, எங்கே

கிரில் காலம் ‘மயூஃப்கா’ என்னும் மே மாதத் தொடர் விடுமுறையில் தொடங்குகிறது. மே 1 தொழிலாளர் நாள். மே 3, 1791-இல் இயற்றப்பட்ட அரசியல் சாசனத்தின் நினைவு நாள். இரண்டும் அரசு விடுமுறை. நடுவில் வரும் மே 2 கொடி நாள்; அன்று விடுமுறை இல்லை, ஆனால் பலர் விடுப்பு எடுத்துவிடுவார்கள். அடுத்து மே கடைசியிலோ ஜூனிலோ ஒரு வியாழக்கிழமை ‘போஜெ சாவோ’ என்னும் கத்தோலிக்கத் திருநாள் வரும். வெள்ளியையும் சேர்த்து நாலு நாளாக்கிக்கொள்வார்கள். பிறகு ஆகஸ்ட் 15 விடுமுறை.

இந்த நாட்களில் கடை விஷயத்தில் கவனம் வேண்டும். விடுமுறை நாட்களில் பெரிய கடைகள் திறக்காது. 2018-இல் வந்த சட்டத்தால் ஆண்டில் ஒரு சில ஞாயிறுகள் தவிர மற்ற ஞாயிறுகளிலும் அப்படித்தான். பியெட்ரோங்கா, லிடில் போன்றவற்றில் வாங்க வேண்டியதை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். ஏப்ரல் 30 மாலை போனால் கரி மூட்டை அடுக்கியிருந்த இடம் காலியாகக் கிடக்கலாம். தெருமுனையில் இருக்கும் ‘ஜாப்கா’ சிறு கடைகள் பலவும் விடுமுறையிலும் திறந்திருக்கும், விலைதான் கூடுதல்.

நண்பர் ‘ஜவ்காவுக்கு வாங்க’ என்றால் நகரத்துக்குள் அல்லது ஓரத்தில் இருக்கும் தோட்டத் துண்டுக்குக் கூப்பிடுகிறார் என்று பொருள். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு அதுதான் கொல்லைப்புறம். பெரும்பாலும் 300 முதல் 500 சதுர மீட்டர் வரை நிலம், ஒரு சின்ன மரக் குடில், இரண்டு ஆப்பிள் மரம், தக்காளி, வெள்ளரி, பூச்செடிகள். இந்தத் தோட்டங்களின் வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. குருட்ஜியாண்ட்ஸ் நகரில் 1897-இல் அமைந்ததையே முதலாவது என்கிறார்கள். ஜவ்கா உள்ளவருக்கு அதன் மீது தனிப் பெருமை உண்டு. போனவுடன் செடிகளைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், முகம் மலர்ந்துவிடும்.

நீங்களே தீ மூட்டுவதாக இருந்தால்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள். காட்டிலும், காட்டின் எல்லையிலிருந்து 100 மீட்டர் தூரத்துக்குள்ளும், அதற்கென ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் தீ மூட்டக் கூடாது என்று காடுகள் சட்டம் சொல்கிறது. கரி அடுப்பும் இதில் அடங்கும். கடும் வறட்சி வந்தால் காட்டுக்குள் போகவே தடை விதிப்பார்கள். நகரப் பூங்காக்களில் கிரில் போட ஒதுக்கிய இடம் எது என்று மாநகராட்சி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வார்சாவில் விஸ்வா ஆற்றின் பிராகா பக்கக் கரை இதற்குப் பேர்போனது. பொனியதோஃப்ஸ்கி பாலத்தடியில் இருக்கும் பொனியதூஃப்கா மணல்கரையில் கோடை மாலைகளில் ஆள் நிறைந்திருக்கும்.

பால்கனியில் கரி அடுப்பு வேண்டாம். குடியிருப்புக் கூட்டுறவுகள் பலவற்றின் விதிமுறையிலேயே தடை எழுதியிருக்கும். எழுதாத இடத்திலும் புகை மேல்மாடிக்குப் போனால் சண்டைதான். மின்சார கிரில் என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 வரை அமைதி நேரம், ‘சிஷா நோட்ஸ்னா’. பாட்டுச் சத்தம் கேட்டால் போலீஸைக் கூப்பிட இங்கே யாரும் தயங்க மாட்டார்கள்.

பொது இடத்தில் மது அருந்துவது குற்றம், அபராதம் 100 ஸ்வோட்டி. விஸ்வா கரையின் சில பகுதிகள் போல நகராட்சி விலக்கு அளித்த இடங்கள் உண்டு. எல்லாரும் குடிக்கிறார்களே என்று பார்த்து முடிவு செய்யாமல் அந்த இடத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து வசிப்பு அனுமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் போலீஸ் பதிவு எதுவும் நமக்குத் தேவையில்லை.

அடுப்பில் என்ன இருக்கும்

முதலில் வருவது கியெவ்பாசா, அதாவது சாசேஜ். கிரில்லுக்கு அதிகம் வாங்குவது ‘ஷ்லோன்ஸ்கா’ வகை. தோலில் சாய்வாகக் கீறல் போட்டு, பழுப்பு ஏறும்வரை வாட்டி, கடுகு விழுதும் ரொட்டியும் வைத்துத் தருவார்கள். இது ஏற்கெனவே புகையூட்டி வெந்தது, அதனால் சீக்கிரம் ஆகிவிடும். அடுத்து கர்குஃப்கா: பன்றிக் கழுத்து இறைச்சியை விரல் தடிமனுக்கு வெட்டி, கடுகு விழுது, பூண்டு, மார்ஜோரம், மிளகாய்ப்பழப் பொடி, எண்ணெய் கலந்து முந்தின இரவே ஊறவைப்பார்கள். அந்த வீட்டுக்காரரின் கைப்பக்குவம் இதில்தான் தெரியும். நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோழித்தொடை, ஷாஷ்விக் என்னும் கம்பியில் கோத்த இறைச்சி, போச்செக் என்னும் பன்றி வயிற்றுக் கொழுப்புத் துண்டு ஆகியவையும் இருக்கும்.

இரண்டு பொருட்களைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். கறுப்பாக, பருத்து, வெங்காயத்தோடு அலுமினியத் தாளில் வேகும் கஷாங்கா, பன்றி இரத்தமும் உள்ளுறுப்புகளும் பார்லி அல்லது பக்வீட் தானியத்தோடு சேர்ந்தது. விரும்பிச் சாப்பிடுபவர்களுக்கு அதற்கு இணை கிடையாது. நமது ஊர் இரத்தப் பொரியல் பிடித்தவர்கள் ரசிப்பார்கள். இன்னொன்று ரொட்டிக்குப் பக்கத்தில் கிண்ணத்தில் இருக்கும் வெள்ளை விழுது. வெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். அது ‘ஸ்மாலெட்ஸ்’, உருக்கிய பன்றிக் கொழுப்பு.

தொட்டுக்கொள்ள வைப்பவற்றைத்தான் நான் அதிகம் சாப்பிடுவேன். மிஸெரியா என்பது மெல்லிசாக நறுக்கிய வெள்ளரிக்காயில் புளித்த கிரீமும் சதகுப்பைக் கீரையும் சேர்த்தது, கிட்டத்தட்ட நம் வெள்ளரிப் பச்சடி. ‘ஒகூர்கி மவோசொல்னெ’ என்பது உப்புநீரில் பூண்டும் சதகுப்பைத் தண்டும் போட்டுச் சில நாள் மட்டும் ஊறிய வெள்ளரி. பாதி பச்சை, பாதி புளிப்பு, கடித்தால் நறுக்கென்று இருக்கும். ஜூனில் புது உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, கூடவே குளிர்ந்த கெஃபிர் மோர் ஒரு கிளாஸ் தருவார்கள். வெயில் நாளில் இதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை.

மலைப்பகுதியான பொட்ஹாலேயிலிருந்து வரும் ஒஸ்ட்சிபெக், புகையூட்டிய ஆட்டுப்பால் சீஸ். துண்டுகளாக வாட்டி, குருதிநெல்லி ஜாம் வைத்துத் தருவார்கள். 2008-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றது. செம்மறியாடுகள் மேயும் கோடை மாதங்களில்தான் அசல் கிடைக்கும். அசலுக்குச் செம்மறிப்பால் குறைந்தது 60 விழுக்காடு வேண்டும். சீஸை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பதால், கடும் சைவர்கள் விலகிக்கொள்வது நல்லது.

நமக்கு என்ன வழி

அழைத்தவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அதுவே மரியாதை. மேசையில் உட்கார்ந்த பிறகு மறுத்தால்தான் அவர்களுக்குச் சங்கடம். ‘நியெ யெம் வியெப்ஷொவினி’ என்றால் பன்றி சாப்பிட மாட்டேன்; ‘நியெ யெம் மியென்சா’ என்றால் இறைச்சியே சாப்பிட மாட்டேன். வயதானவர்களிடம் கோழியும் மீனும்கூட வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சைவம் என்றால் மீன் பரவாயில்லை என்று அவர்களில் பலர் எடுத்துக்கொள்வார்கள்.

இங்கே இறைச்சியைக் கம்பி வலையில் நேராக வைக்காமல், ஓட்டை போட்ட அலுமினியத் தட்டில் வைத்து வாட்டுவது சாதாரணம். ‘தாட்ஸ்கா’ என்று எல்லாக் கடையிலும் கட்டாகக் கிடைக்கும், விலை மலிவு. ஹலால் பார்ப்பவர்களும் சைவர்களும் தமக்கென ஒரு தட்டைக் கொண்டுபோய் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாம். அங்கே எவரும் அதை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். பன்றிக் கொழுப்பு சொட்டிய வலை என்ற கவலையும் தீரும்.

கடையில் வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். பாக்கெட்டில் ‘த்ரொபியோவா’, அதாவது கோழி வகை என்று பெரிதாகப் போட்டிருந்தாலும் உள்ளே வியெப்ஷொவினா கலந்திருக்கலாம். வோவோவினா என்றால் மாடு, குர்ச்சாக் கோழி, இந்திக் வான்கோழி.

சைவத்துக்குக் கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாய், சோளம், சீஸ் அடைத்த காளான் எல்லாமே சுடலாம். கிரில்லுக்கென்றே விற்கும் சீஸ் துண்டுகள் கோடையில் எல்லாக் கடைகளிலும் இருக்கும். துவாருக் என்னும் போலந்துப் பாலாடைக்கட்டியைப் பனீர் என்று நம்பிக் கம்பியில் கோக்காதீர்கள், உதிர்ந்துவிடும். அதை வெங்காயம், கிரீம், முள்ளங்கியோடு பிசைந்தால் பொஸ்னான் பக்கத்து ‘க்ஜிக்’ தயார். தாளில் சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து அதன் மேல் வையுங்கள், வயிறு நிறையும்.

ஒக்னிஸ்கோ

கரி அடுப்பு வருவதற்கு முந்தைய பழக்கம் விறகுத் தீ, ‘ஒக்னிஸ்கோ’. கிரில்லை விட எனக்கு இதுதான் பிடிக்கும். தீயைச் சுற்றி மரக்கட்டைகளில் எல்லாரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு நீளக் குச்சியின் நுனியில் கியெவ்பாசாவைக் குத்தி வாட்டுவார்கள். இரண்டு முனையையும் குறுக்காகக் கீறிவிட்டால் சூட்டில் பூவாக விரியும். கிரில்லில் சமைப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் பலர். அங்கே இடுக்கியை விருந்தாளி தொடுவது வழக்கமில்லை. இங்கே அவரவர் சமையல் அவரவர் கையில். குழந்தைகளுக்குக் குதூகலம், மொழி தெரியாதவருக்கும் தனிமை தெரியாது. உருளைக்கிழங்கைச் சாம்பலில் புதைத்துக் கரிந்த தோலை உரித்து உப்போடு தின்பதும் உண்டு. ஜூன் 23 இரவு, புனித யோவான் திருநாளுக்கு முந்தைய இரவில், ஆற்றங்கரைகளில் தீ மூட்டி மலர் வளையங்களை நீரில் விடுவார்கள்.

ஸாவியெர்ச்செ, பொரெம்பா பக்கம் யாராவது நண்பர் இருந்தால் ‘பிராஜொங்கி’ கேட்டுப் பாருங்கள். கனமான வார்ப்பிரும்புப் பானைக்குள் முட்டைக்கோஸ் இலைகளை விரித்து, வட்டமாக வெட்டிய உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், கியெவ்பாசா, கொழுப்புத் துண்டு என்று அடுக்கி, மேலேயும் இலை மூடி, மூடியைத் திருகி இறுக்கித் தீயில் வைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்குத் திறக்கவே மாட்டார்கள். இறைச்சிக்குப் பதில் காளானும் வெண்ணெயும் போட்டு ஒரு சின்னப் பானை தனியாக வைக்கச் சொன்னால் செய்து தருவார்கள்.

குடியும் திரும்பும் வழியும்

குடிக்காதவரை இப்போது யாரும் வற்புறுத்துவதில்லை. ஆல்கஹால் இல்லாத பீர், பழங்களைக் கொதிக்கவைத்த கொம்போட் இரண்டும் இருக்கும். ‘ப்ரொவாட்ஸெ’, வண்டி ஓட்டுகிறேன் என்று சொன்னால் பேச்சு அத்தோடு முடியும். வண்டி ஓட்டுவதற்கான எல்லை இரத்தத்தில் 0.2 புரோமில் (ஆயிரத்தில் 0.2 பங்கு) ஆல்கஹால், ஒரு பீரே தாண்டிவிடக்கூடும். சைக்கிளில் போனாலும் அபராதம் உண்டு.

மாலையில் ஸ்வெட்டர் கைவசம் இருக்கட்டும். ஜூனில் சூரியன் இரவு 9 மணிக்குத்தான் மறையும், மறைந்த அரை மணியில் குளிர் ஏறிவிடும். வீடு திரும்பியதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, காது பின்புறம் எல்லாம் பாருங்கள். இருந்தால் எண்ணெய் தடவாமல் இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பிறகு சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பெரிதானால் லைம் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் போங்கள். உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. மசூரி, பொட்லாஷே பக்கம் அடிக்கடி போகிறவர்கள் போட்டுக்கொள்வது நல்லது.

எதைக் கொண்டுபோவது? வெறுங்கையோடு போக வேண்டாம், என்ன கொண்டுவரட்டும் என்று கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்றாலும் ஒரு டப்பா சமைத்துக் கொண்டுபோங்கள். தயிர், இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள் தடவி ஊறிய கோழித்துண்டுகள் கரியில் பிரமாதமாக வரும். மிளகாய்த்தூளைக் கால் பங்காகக் குறையுங்கள். காரத்தை மிளகில் காட்டினால் அவர்கள் தாங்குவார்கள். கொத்தமல்லி புதினாத் துவையல் கியெவ்பாசாவோடு நன்றாகச் சேரும், எலுமிச்சைச் சாதமும் தட்டில் மிஞ்சாது. வேர்க்கடலையோ முந்திரியோ சேர்த்திருந்தால் பரிமாறும் முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் முறை வரும்போது இரண்டு வாரம் முன்னதாகவே நாள் சொல்லி, சனிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கூப்பிடுங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவார்கள், ஆகவே கரியை 2:30-க்கே பற்றவைத்துவிடுங்கள்.