தோட்டங்களுக்கு உதவி கொண்டுபோகும் குழு நோயில் படுக்காமல் இருக்க

கோவிட் போன்ற தொற்றுக் காலத்தில் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் குழுவில் ஒருவருக்கு நோய் கண்டாலே போதும், மொத்தக் குழுவும் வீட்டோடு அடைபட்டுவிடும். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கெல்லாம் ஒரே குழுதான் என்றால், அந்த வாரம் எந்த லயத்துக்கும் (தொழிலாளர் வீட்டு வரிசைக்கும்) அரிசி போகாது. 2021-இல் உதவி வேண்டும் என்று வெள்ளைக்கொடி கட்டிக் காத்திருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். குழுவைக் காப்பதும் உதவி வேலைதான். அதற்கென்று நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும்.

பலர் அஞ்சுவது லயத்து வாசலை. ஆனால் வாசலில் காற்று ஓடுகிறது, முகக்கவரி இருக்கிறது, நிற்பதும் இரண்டு நிமிடம்தான். அதே ஆட்கள் கண்ணாடி ஏற்றிய வேனில் அரை மணி நேரம் பேசிக்கொண்டே வந்து, கோயில் மண்டபத்தில் முகக்கவரியைக் கழற்றி ஒரே மேசையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். குழுவுக்குள் நோய் பெரும்பாலும் அங்கேதான் பரவும். பசியாறுவதை வெளியே மரத்தடியில், இரண்டு மீட்டர் தள்ளித்தள்ளி உட்கார்ந்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து, முகக்கவரி போட்ட பிறகு பேசலாம்.

வண்டியில் ஏர்கோன் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். காரில் இரண்டு பேர் என்றால் ஓட்டுநர் முன் வலது, மற்றவர் பின் இடது. முன் இடது கண்ணாடியையும் பின் வலது கண்ணாடியையும் நாலு விரல் இறக்குங்கள். காற்று இருவருக்கும் நடுவே குறுக்காக ஓடும். மழையிலும் இரண்டு விரலாவது திறந்திருக்கட்டும்.

குழுவை இரண்டு அணியாகப் பிரியுங்கள். அணிக்கு நாலு பேர், ஒரு வண்டி, மாறாத ஓட்டுநர். ஓரணி சாமான் கட்டும் நாளில் மற்ற அணி மண்டபத்துப் பக்கமே வரக்கூடாது. பொறுப்பு ஒப்படைப்பதெல்லாம் தொலைபேசியில். ஒருவர் நோயில் விழுந்தால் அவருடைய அணியின் வேலை மட்டும்தான் நின்றுபோகும்.

காய்ச்சல் கருவியை மட்டும் நம்பாதீர்கள். கோவிட்-19 அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும். தினமும் காலையில், வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஒவ்வொருவரையும் கேளுங்கள்: தொண்டை வலி, இருமல், காய்ச்சல், வாசனை தெரியாமை உண்டா? வீட்டில் யாருக்காவது முடியவில்லையா? ஆம் என்றவர் வரவேண்டாம். அன்றைய படியை அவருக்கும் கொடுத்துவிடுங்கள். படி போய்விடும் என்றால் அன்றாடங்காய்ச்சி இருமலை மறைத்துக்கொண்டு வரத்தான் செய்வார்; அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு தன்னார்வலருக்குத் தானாக வராது. அதனால் மருத்துவச் செலவுக்கும் முன்பே கொஞ்சம் எடுத்து வையுங்கள்.

வீட்டுக்குள் போக வேண்டியவருக்கு முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் என்95 முகக்கவரி, மற்றவருக்குச் சாதாரண மூன்றடுக்கு முகக்கவரி. என்95-ஐப் போட்டதும் இரு கையாலும் மூடிப் பலமாக ஊதிப் பாருங்கள். கண்பக்கம் காற்று அடித்தால் மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்யுங்கள். தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது. விரதத்துக்குத் தாடி வளர்த்தவரைச் சிரைக்கச் சொல்லாமல் சாமான் கட்டும் வேலைக்குப் போடுங்கள். வியர்வையில் நனைந்த மூன்றடுக்கு முகக்கவரி உதவாது. நம் வெயிலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேண்டும். எட்டுப் பேருக்கு ஐந்து நாளைக்கு 120, அதாவது ஐம்பது போட்ட பெட்டி மூன்று. கைத்தூய்மி ஒரு தடவைக்கு 3 மில்லி. ஆளுக்கு நாளைக்குப் பத்துத் தடவை என்று கணக்கிட்டால் அதே எட்டுப் பேருக்கு ஐந்து நாளைக்கு 1.2 லிட்டர். சாமான் இறக்கக் கையுறை தேவையில்லை. அது கொடுக்கும் தைரியத்தில்தான் முகத்தைத் தொடுகிறார்கள்.

கிருமிநாசினியில்தான் அதிகம் தவறு நடக்கிறது. துணி வெளுக்கும் குளோராக்ஸ் புட்டியில் 5 விழுக்காடு என்று போட்டிருந்தால், 20 மில்லியை 980 மில்லி பச்சைத்தண்ணீரில் கலந்தால் துடைக்கும் அளவு. ஐந்து லிட்டர் வாளிக்கு 100 மில்லி. வெந்நீர் ஊற்றினால் வீரியம் போய்விடும், வெயிலில் வைத்தாலும் போய்விடும். தினமும் புதிதாகக் கலக்குங்கள். முதலில் சவர்க்காரத்தால் அழுக்கைக் கழுவி, பிறகு இதைத் தடவி ஒரு நிமிடமாவது ஈரமாக விட வேண்டும். கழிவறை கழுவும் அமிலத்தோடு சேர்த்தால் நெஞ்சை அடைக்கும் நச்சுவாயு கிளம்பும். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும். ஆட்கள்மேல் அடிக்கவே கூடாது. ஸ்டோரிலிருந்து களைக்கொல்லி பம்பை எடுத்து லயத்துக்கு அடிக்கும் யோசனை எங்காவது எழும். தடுத்துவிடுங்கள்: பம்பில் மிச்சமிருக்கும் மருந்து வீட்டுத் தரையில் போய்ச் சேரும், அழுக்கும் அப்படியே இருக்கும்.

குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல், ஆர்டிகே என்னும் உடனடிக் கோவிட் சோதனையில் தொற்று இல்லை என்று வருகிறது. அதோடு விடாதீர்கள், கொசுவால் வரும் டிங்கிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பாரசிட்டமோல் மட்டும் கொடுங்கள்; அஸ்பிரின், ஐபுபுரோஃபென் கொடுத்தால் இரத்தக் கசிவுக்கு வழியாகும். அன்றே கிளினிக்குக்கு அனுப்புங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 94 அல்லது அதற்குக் கீழ் காட்டினால் மருத்துவமனை. மருதாணியும் நகச்சாயமும் கணக்கைக் கெடுக்கக்கூடும், கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டக்கூடும். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

தோட்டத்துக்குள் போகுமுன் ஆபீஸ் கிராணியிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். வங்காளதேசி, இந்தோனேசியத் தொழிலாளர் தங்கும் கொங்சியில் அவர்களில் ஒருவரைப் பேச வையுங்கள். கடப்பிதழைப் படம் பிடிக்காதீர்கள். நோய் கண்ட வீட்டு எண் வாட்ஸ்அப் குழுவில் போகவே கூடாது. போனால் அடுத்த வீட்டார் நோயை மறைப்பார்கள், உங்கள் ஆட்கள் தெரியாமல் போய் நிற்பார்கள்.

உதவி கேட்கும் அழைப்புகளுக்கு ஒரே பொதுத் தொலைபேசி இருக்கட்டும். அதை முறைவைத்து ஒருவர் ஒருநாள் வைத்துக்கொள்ளட்டும். இரவு ஒன்பதுக்குப் பிறகு அவசரத்துக்கு மட்டும். சாவு விழுந்த வீட்டுக்குப் போய் வந்தவரை மறுநாள் அனுப்பாதீர்கள், தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுங்கள். தூக்கம் கெட்டு, யாரிடமும் பேசாமல் ஒதுங்குகிறார் என்றால் மனத்துயரைக் கேட்டு ஆறுதல் தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929-ஐக் கொடுங்கள். அவர் திரும்பும்வரை அவருடைய தோட்டத்தை யார் பார்ப்பது என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.