வட்டார வரலாற்றுக்கு ஒரு கட்டற்ற கலைக்களஞ்சியம்

உங்கள் வட்டார வரலாற்றைப் பலரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்க மென்பொருள் தேடி அலைய வேண்டாம். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி இலவசம். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். எழுதியதை மற்றவர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தை முதல் நாளே அறிவியுங்கள். படைப்பைப் பிறர் பகிர அனுமதிக்கும் பொது உரிமமான கிரியேட்டிவ் காமன்ஸ் என் தேர்வு. பிறகு மாற்ற நினைத்தால் எழுதிய ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்க வேண்டும்.

உண்மையான வேலை ஆதாரத்தில்தான். கல்வெட்டானால் எங்கே இருக்கிறது, யார் படித்தது, எதில் அச்சானது என்று மூன்றும் கேட்பேன். செவிவழிச் செய்தியைத் தள்ள மாட்டேன். 'இப்படிச் சொல்கிறார்கள்' என்று தனித் தலைப்பில் போடுவேன். குடும்பப் பெருமை எழுத வருபவரை விரட்டாதீர்கள் (அவர்தான் அதிகம் உழைப்பார்!), ஆவணம் கேளுங்கள்.

விளம்பரக் குப்பை கொட்டும் தானியங்கிகள் வரும். கணக்கு தொடங்க ஒப்புதல் முறை வையுங்கள். காப்பு நகலுக்காகப் பக்கங்களை எக்ஸ்எம்எல் (XML என்ற உரை வடிவம்) கோப்பாக இறக்கினால் படங்கள் வராது. படக் கோப்புறையையும் தனியாக நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள்.