ஜாக் ரஸ்ஸல் டெரியர்: ஆளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

முதல் தவறு நாயைப் பார்த்தவுடனே நடந்துவிடுகிறது. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஐந்தாறு கிலோ. மடியில் போட்டுக் கொஞ்சத் தோதான நாய் என்று வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சிறிய உடம்பு நரி வளைக்குள் நுழைவதற்காக உருவானது.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜான் ரஸ்ஸலுக்கு (1795–1883) நரி வேட்டை என்றால் உயிர். ஆக்ஸ்போர்டில் படித்த காலத்தில் ஒரு பால்காரரிடமிருந்து ‘ட்ரம்ப்’ என்ற பெட்டை நாயை வாங்கினார், அதிலிருந்துதான் இந்த வம்சம் தொடங்கியது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் தேடியது நரியைக் கொல்லும் நாயை அல்ல. கொன்றுவிட்டால் அன்றைய வேட்டையே போச்சே! வளைக்குள் புகுந்து, விடாமல் குரைத்து, நரியை வெளியே கிளப்பினால் போதும்; துரத்துவதற்கு வேட்டை நாய்க் கூட்டம் வெளியே காத்திருக்கும். உடம்பு பெரும்பாலும் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: வேட்டை நாய்கள் இதையே நரி என்று நினைத்துப் பாய்ந்துவிடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பிரிட்டிஷ் அமைப்பான, 1873-இல் தொடங்கிய கென்னல் கிளப்பின் தொடக்ககால உறுப்பினர்களில் ரஸ்ஸலும் ஒருவர். அதே கிளப் ஜாக் ரஸ்ஸலைத் தனி இனமாக ஏற்றது 2016-இல்தான்.

இந்தக் கதை தெரியாதவர்கள்தான் தோட்டத்தைத் தோண்டுகிறது, ஓயாமல் குரைக்கிறது என்று நாயை அடிக்கிறார்கள். பரம்பரையாகப் பார்த்த வேலையைத்தானே அது பார்க்கிறது? ஒரு மூலையில் மணலைக் கொட்டி, அதற்குள் பொம்மையைப் புதைத்து வையுங்கள். தோண்டுகிற ஆசை அங்கேயே தீரட்டும். தெருவை ஒரு சுற்று சுற்றிவந்தால் இதற்குப் போதாது. ஓட்டமும் வேண்டும், மூளைக்கு வேலையும் வேண்டும். அப்புறம், கூப்பிட்டால் வந்துவிடும் என்று நம்பித் திறந்தவெளியில் கயிற்றை அவிழ்த்துவிடாதீர்கள். அணில் கண்ணில் பட்டுவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. முயல், வெள்ளெலி வளர்க்கும் வீடு என்றால் வேறு இனத்தைப் பார்ப்பது நல்லது.

உடல்நலத்தில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிக வருத்தம் தருகின்றன. ‘முரட்டு நாய், ஒன்றும் ஆகாது’ என்ற நினைப்பு பலருக்கு. ஓடும்போது இரண்டு மூன்று எட்டு பின்னங்காலைத் தூக்கி நொண்டியடித்துவிட்டு, மறுபடி சாதாரணமாக ஓடும். அதைக் குறும்பு என்று வீடியோ எடுக்கிறார்கள். முழங்கால் சில்லு இடம் விலகுவதன் அடையாளமாக அது இருக்கலாம். உடல் பருத்தால் தொல்லை இன்னும் கூடும்.

கண் விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. கண்ணின் லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்து லென்ஸ் நழுவுகிற பரம்பரை நோய் இந்த இனத்தில் உண்டு. பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் வரும். கண் சிவந்து, நீர் வடிந்து, நாய் கண்ணைச் சுருக்கினால் தூசி விழுந்திருக்கும் என்று வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தை விடாதீர்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் ஓரிரு நாளில் பார்வையே போய்விடலாம். அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதற்கு மரபணுச் சோதனை இருக்கிறது; குட்டி வாங்கும் முன் தாய், தந்தை இரண்டின் முடிவையும் கேளுங்கள்.

குட்டியின் காதையும் சோதித்துவிடுங்கள். வெள்ளை நிறம் மிகுந்த நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். சொன்ன பேச்சு கேட்காத குட்டி என்று நீங்கள் திட்டுவதும் அதற்குக் கேட்காது.