லித்தியம் மாத்திரை: வீட்டில் கவனிக்க வேண்டியவை

பைபோலார் என்று டாக்டர் சொல்லி, சீட்டில் லித்தியம் கார்பனேட் எழுதிக் கொடுத்ததும் நிறைய வீடுகளில் ஒரே கதைதான் நடக்கிறது. ராத்திரியே போனில் தேடுகிறார்கள், கிட்னி போய்விடும் என்று எங்கோ படிக்கிறார்கள், மாத்திரை அட்டை பிரிக்காமலே பீரோவுக்குப் போய்விடுகிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மிகையான எழுச்சியும் ஆழமான சோர்வும் மாறி மாறி வரும் இந்த நோய்க்கு இன்றைக்கும் முதல் வரிசையில் நிற்கிற மருந்து இது. தற்கொலையைத் தடுப்பதில் இதற்கு இருக்கிற அளவு சான்று வேறு மனநல மருந்துகளுக்கு அரிது.

சிக்கல் என்னவென்றால், பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடம் ரொம்பக் குறைவு. நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் லித்தியம் 0.6-லிருந்து 0.8 வரை (ரிப்போர்ட்டில் mmol/L என்று இருக்கும்) இருந்தால் பொதுவாகப் போதும், எழுச்சி உச்சத்தில் இருக்கும்போது டாக்டர் 1.0-ஐ ஒட்டி வைப்பார், வயதானவர்களுக்கு இன்னும் குறைவாக. 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து, சிலருக்கு அதற்குக் கீழேயே அறிகுறி தெரியும். இந்த எல்லைக்குள் வைத்திருப்பதில் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது.

முதலில் ரத்தப் பரிசோதனை. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு லேபில் இருங்கள். காலையிலும் ஒரு வேளை உண்டு என்றால் அதைப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு போட வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் தவறவிடுகிறார்கள்: வழக்கம் போல மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், டாக்டரும் அதைப் பார்த்து மருந்தைக் குறைத்துவிடுவார். இன்னொன்றும் கவனியுங்கள். லேபில் பச்சை மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுக்கப் போனால், அதில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் லித்தியம் ஹெப்பாரின் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அந்த லித்தியமும் சேர்ந்து கணக்காகி, ரிப்போர்ட் பயமுறுத்தும். கேட்பதற்குக் கூச்சப்படவே வேண்டாம். ஆரம்பித்து ஒரு வாரத்திலும், ஒவ்வொரு முறை அளவு மாற்றி ஒரு வாரம் கழித்தும், எல்லாம் நிலைக்கு வந்த பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்க வேண்டும். கூடவே 6 மாதத்துக்கு ஒரு முறை கிரியாட்டினின் (கிட்னிக்கு), டி.எஸ்.எச். (தைராய்டுக்கு), கால்சியம். இதையெல்லாம் ஒழுங்காகப் பார்த்து வந்தால் கிட்னியிலோ தைராய்டிலோ வரும் மாற்றம் ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் உப்பும் தண்ணீரும். கிட்னிக்கு லித்தியமும் உப்பில் இருக்கும் சோடியமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உடம்பில் உப்போ நீரோ குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்து வைக்கும், லித்தியத்தையும் சேர்த்தே இழுத்து வைக்கும். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் மிகை எழுச்சி நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்துப் பலன் கண்டதை எழுதினார். அதே வருஷம் அமெரிக்காவில், உப்பைக் குறைக்கச் சொன்ன இதய நோயாளிகள் சாப்பாட்டு உப்புக்குப் பதில் லித்தியம் குளோரைடைத் தூவிச் சாப்பிட்டு, சிலர் இறந்தே போனார்கள். அளவே பார்க்காமல் ஒரு பக்கம் லித்தியம் ஏற, மறு பக்கம் உப்புக் குறைந்த உடம்பு அதை வெளியே விடவில்லை. அந்தப் பயம் தீர்ந்து அமெரிக்க அரசு இதை மருந்தாக அனுமதிக்க 1970 ஆகிவிட்டது.

ஆகவே பிரஷர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு திடீரென்று உப்பில்லாச் சாப்பாட்டுக்கு மாறாதீர்கள். நேற்றுப் போல இன்றும் உப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். கத்திரி வெயிலில் வேலை, பழனிக்குப் பாதயாத்திரை, தண்ணீர் கூடக் குடிக்காத விரதம், ரம்ஜான் நோன்பு, எதுவானாலும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். தினமும் நாலு வேளை காபி குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினாலும் அளவு ஏறும், ஏனென்றால் காபி லித்தியத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தது.

என்னைக் கேட்டால், நம் ஊரில் மிகப் பெரிய ஆபத்து மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்குகிற வலி மாத்திரைதான். முட்டி வலி என்று சொன்னால் போதும், டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ ஐபூப்ரோஃபெனோ கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். இவை லித்தியத்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும், அது மட்டும்தானா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள், ஏனென்றால் பாரசிட்டமாலோடு அசெக்ளோஃபெனாக் கலந்த மாத்திரைகளும் சர்வசாதாரணமாக விற்கின்றன. பிரஷருக்கான எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான், ஹைட்ரோகுளோரோதயசைடு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "இவர் லித்தியம் எடுக்கிறார்" என்று சொல்லிவிடுங்கள்.

கை லேசாக நடுங்குவது, தாகம், அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் எடை ஏறுவது எல்லாம் வரக்கூடியவை, அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். ஆனால் டம்ளரைப் பிடித்தால் டீ தளும்பிச் சிந்துகிற அளவு நடுக்கம், பேச்சுக் குழறல், தள்ளாடும் நடை, வாந்தி, பேதி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் இருந்தால் காத்திருக்காதீர்கள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் லித்தியம் அளவும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள். நினைவு மங்கினாலோ வலிப்பு வந்தாலோ நேராக 108. சாதாரண வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்பதை நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. மெதுவாகக் கரையும் 400 மி.கி. மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், உடனே போய்ப் பாருங்கள்.

நிறுத்துவது பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இரண்டு வருஷம் நன்றாக இருந்துவிட்டால் சொந்தக்காரர்கள் "இன்னும் எதுக்குப்பா மாத்திரை?" என்று ஆரம்பிப்பார்கள். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். சட்டென்று நிறுத்தினால் சில மாதங்களுக்குள் எழுச்சி திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்தியே ஆக வேண்டும் என்றாலும் டாக்டர் குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துப் படிப்படியாகத்தான் குறைப்பார். மாத்திரை வாங்கப் பணம் இல்லாமல் நின்றுபோகிறது என்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள், இலவசமாகக் கிடைக்கும். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.