நான்கடிக்கு இரண்டடிப் பலகையில் ஒரு குட்டி ரயில் பாதை: அமைப்பதும் கோளாறு பார்ப்பதும்

மாடல் ரயில் நின்றுவிட்டால் எல்லாருடைய கையும் முதலில் என்ஜினைக் கழற்றத்தான் போகும். அதைக் கழற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. கோளாறு அனேகமாகப் பாதையில்தான் இருக்கும், அதுவும் ஏதாவது ஓர் இணைப்பில். ஆகவே ஒவ்வொரு கட்டத்தையும் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போகும் முறையில் இதை எழுதியிருக்கிறேன்.

என்ன அளவு?

இடம் குறைவாக இருக்கிறவர்களுக்கு 'N' ஸ்கேல் என்ற மாடல் அளவு சரியாக வரும். எல்லாமே நிஜத்தில் 160-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 9 மி.மீ. ஒன்பதை 160 ஆல் பெருக்கினால் 1440, அதாவது ஐரோப்பா, அமெரிக்காவில் உள்ள 1435 மி.மீ. பாதைக்கு ஏறக்குறையச் சமம். நம் அகலப்பாதை 1676 மி.மீ. என்பதால், இந்திய வண்டியை இந்த அளவில் செய்தால் பாதை சற்று ஒடுக்கமாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் 1:150, பிரிட்டனில் 1:148 என்று வரும் வண்டிகளும் இதே 9 மி.மீ. பாதையில்தான் ஓடும், எனவே வாங்கும்போது பயம் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் மட்டும் உயர வித்தியாசம் கண்ணில் படும்.

பலகையும் பாதையும்

கடையில் எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஷீட்டில் கால்வாசி கேளுங்கள். 12 மி.மீ. கனம், நான்கடிக்கு இரண்டடி. அடியில் ஓரம் சுற்றிலும், நடுவில் குறுக்காக ஒன்றுமாக ரீப்பர் அடித்துவிடுங்கள். கடலோர ஊர்களில் ஈரத்தால் பலகை வளையும், அதனால் மேல்புறம் மட்டுமில்லாமல் அடிப்புறத்துக்கும் பெயின்ட் கட்டாயம். பலகை அரை மில்லிமீட்டர் தூக்கினாலும் அதற்கு மேலே உள்ள இணைப்பு வாய் திறக்கும்.

தண்டவாளத்துக்கு ஜல்லி மேடையோடு சேர்ந்தே வரும், ஜப்பானின் காட்டோ நிறுவனத்து யூனிட்ராக் போன்றதை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஆரம்பத்தில் வரும் பாதித் தொல்லையை அது தீர்த்துவிடும். தேவையானவை: 249 மி.மீ. ஆரமுள்ள 45 டிகிரி வளைவு எட்டு, 248 மி.மீ. நேர்த்துண்டு ஐந்து, 124 மி.மீ. ஒன்று, வண்டியைக் கிளைப்பாதைக்குத் திருப்பும் 15 டிகிரி பாயின்ட் ஒன்று, அதோடு ஒட்டும் 481 மி.மீ. ஆரமுள்ள வளைவு ஒன்று, முட்டுக்கட்டை வைத்த முடிவுத் துண்டு ஒன்று.

இரு முனையிலும் நாலு நாலு வளைவு வைத்தால் இரண்டு அரைவட்டம். ஒரு பக்கத்தில் 248 இரண்டும் 124 ஒன்றும். எதிர்ப்பக்கத்தில் 248 இரண்டும் பாயின்ட்டும். பாயின்ட்டின் நீளம் 126, எதிரில் 124. அந்த 2 மி.மீ. இணைப்புகளில் அடங்கிவிடும், இழுத்துப் பிடித்துச் சேர்க்க வேண்டாம். பாயின்ட் உள்பக்கம் பிரியட்டும். அதன் பிறகு 481 வளைவு, மிச்சமுள்ள 248, முட்டுக்கட்டை என்று போட்டால் மெயின் லைனுக்கு 33 மி.மீ. தள்ளி, வண்டியை ஒதுக்கி நிறுத்த ஒரு சைடிங் கிடைக்கும். மொத்தப் பாதையும் சுமார் 115 செ.மீ.க்கு 52 செ.மீ.யில் அடங்கும். சுற்றளவு 2.8 மீட்டர்.

மேலே ஒரு பாலம் போட்டால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். கீழே ஒரு ரயில் நுழைந்து போக 5 செ.மீ. உயரம் வேண்டும். 100-க்கு 2 என்ற ஏற்றத்தில் அந்த உயரம் ஏற இரண்டரை மீட்டர், இறங்க இன்னொரு இரண்டரை மீட்டர். இந்தப் பலகையில் அதற்கு வழியில்லை. ஏற்றத்தைச் செங்குத்தாக்கினால் இழுக்க முடியாமல் என்ஜின் சக்கரம் வழுக்கும். முதல் பாதை தட்டையாகவே இருக்கட்டும்.

துண்டுகளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு இணைப்பிலும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் அங்கே ஒரு தண்டவாளம் ஜாய்னருக்குள் (இரு துண்டுகளை இணைக்கும் உலோகப் பிடிக்குள்) போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் பிரித்து, நேராக வைத்து மறுபடி தள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகும். பின்னால் வரும் தடம்புரளல்களில் பலவற்றை இதுவே தடுத்துவிடும். இப்போதைக்கு ஆணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்.

மின்சாரம்

இரண்டு தண்டவாளங்களில் ஒன்று பிளஸ், மற்றது மைனஸ், அதிகபட்சம் 12 வோல்ட் டிசி. வோல்டேஜ் கூடினால் வேகம் கூடும். பிளஸ் மைனஸை மாற்றினால் வண்டி எதிர்த்திசையில் போகும்.

ஒரு எச்சரிக்கை: ஜப்பானிலிருந்து செட்டாக வாங்கினால் கூடவே வரும் பவர் பேக் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகவே கூடாது. அதற்குப் பதில் உள்ளூரில் கிடைக்கும் தரமான 12 வோல்ட், 2 ஆம்பியர் டிசி அடாப்டரும், திசை மாற்றும் ஸ்விட்சோடு கூடிய ஒரு பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகவேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும்) ஸ்பீட் கன்ட்ரோலரும் போதும்.

பாதைக்கு இரண்டு இடத்தில் வயர் கொடுங்கள், ஒன்றுக்கொன்று எதிரெதிரே. ஒரே இடத்தில் கொடுத்தால் தூரத்து வளைவில் வண்டி மந்தமாகும், ஏனென்றால் ஒவ்வொரு ஜாய்னரும் கொஞ்சம் வோல்டேஜைத் தின்றுவிடும். உள் தண்டவாளத்துக்கு ஒரு நிறம், வெளித் தண்டவாளத்துக்கு ஒரு நிறம் என்று வைத்து, கடைசிவரை மாற்றாதீர்கள். கன்ட்ரோலரை இணைக்கும் முன் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, இரண்டு தண்டவாளத்தையும் தொடுங்கள். பாதையில் வண்டி எதுவும் இருக்கக் கூடாது. பீப் கேட்டால் எங்கோ ஷார்ட், அனேகமாக ஒரு வயர் இடம் மாறியிருக்கிறது.

முதல் ஓட்டம்

என்ஜினை மட்டும் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. போகும் வண்டி, இந்த அளவில் நொடிக்குப் பத்து செ.மீ. சொச்சம்தான் நகர வேண்டும். அதாவது நம் பாதையை ஒரு சுற்றுச் சுற்ற சுமார் 27 நொடி. கடிகாரம் வைத்துப் பார்த்தால் நாம் எல்லோருமே வேகமாக ஓட்டுகிறோம் என்பது தெரியும். மெதுவாக ஓட்டும்போதுதான் பாதையின் குறைகளும் வெளியே வரும். வேகத்தில் என்ஜின் அவற்றைத் தாண்டிப் போய்விடும். முன்னோக்கி, பின்னோக்கி, பிறகு பெட்டிகளோடு என்று இரு திசையிலும் பாருங்கள். ஒரு வாரமாவது இப்படி ஓடின பிறகே டபுள் டேப் போட்டு ஒட்ட வேண்டும்.

கோளாறு பார்ப்பது

எந்தக் கோளாறு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: கோளாறு இடத்தோடு நிற்கிறதா, வண்டியோடு போகிறதா? எந்த வண்டி வந்தாலும் ஒரே இடத்தில் நின்றால் பாதையைப் பாருங்கள். ஒரே வண்டி கண்ட இடத்தில் எல்லாம் நின்றால் அந்த வண்டியைப் பாருங்கள். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். பத்து சுற்றில் கோடுகள் ஓரிடத்தில் குவிகின்றனவா, சிதறுகின்றனவா என்று பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

*ஒரே இடத்தில் நிற்கிறது.* மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கன்ட்ரோலரைப் பாதி திருப்பி, வயர் கொடுத்த இடத்தில் அளவெடுங்கள். அப்புறம் கோடு குவிந்த இடத்தில் எடுங்கள். இரண்டாவது கணிசமாகக் குறைந்தால் நடுவில் ஏதோ ஒரு ஜாய்னர் தளர்ந்திருக்கிறது. அதைக் கழற்றி, இடுக்கியால் மெல்ல அழுத்தி இறுக்குங்கள்.

*சைடிங்கில் என்ஜின் செத்துக் கிடக்கிறது.* பயப்பட வேண்டாம். பல பாயின்ட்டுகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். பாயின்ட்டை சைடிங் பக்கம் திருப்புங்கள், என்ஜின் உயிர் பெறும். ஒரு வண்டியை நிறுத்திவிட்டு இன்னொன்றை ஓட்ட இதுவே வசதி.

*எங்கு பார்த்தாலும் விக்கி விக்கி ஓடுகிறது.* அழுக்கு. இந்த அளவில் என்ஜின் மிக லேசானது, அழுக்கைத் துளைத்துத் தண்டவாளத்தைத் தொடும் எடை அதற்கு இல்லை. பஞ்சில்லாத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தண்டவாளத்தின் தலையைத் துடையுங்கள், கறுப்பாக வரும். சக்கரத்துக்கு, நனைத்த துணியைத் தண்டவாளத்தின் மேல் விரித்து, என்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் துணியிலும் மறுமுனை தண்டவாளத்திலும் இருக்கும்படி கையில் பிடித்து ஓட விடுங்கள்; பிறகு முனையை மாற்றுங்கள். ஆல்கஹால் காய்ந்த பிறகுதான் வழக்கமான ஓட்டம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. கீறல்களில் அழுக்கு சீக்கிரமே சேர்ந்து, நிலைமை முன்பைவிட மோசமாகும்.

*பாயின்ட்டில் தடம் புரள்கிறது.* கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து, நகரும் தண்டவாளத்தின் கூர்முனை பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கிறதா பாருங்கள். ஒரு காகிதத் துண்டு நுழைந்தால்கூட சக்கரம் அந்த இடுக்கைப் பிடித்துக்கொள்ளும். ஜல்லித் துகளோ முடியோ சிக்கியிருந்தால் எடுங்கள். ஒட்டி நின்றும் ஏறினால், கூர்முனையைச் சிறிய ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

*ஒரே பெட்டி மட்டும் வளைவில் சாய்கிறது.* எடை போடுங்கள். அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி, 'N' ஸ்கேல் பெட்டிக்கு 14 கிராமோடு நீளத்தில் அங்குலத்துக்கு நாலேகால் கிராம் வேண்டும். ஐந்து அங்குலப் பெட்டி என்றால் சுமார் 35 கிராம். குறைந்தால் உள்ளே, தரையோடு ஒட்டினாற்போல் சின்ன நட்டுகளை ஒட்டுங்கள். கூரைப் பக்கம் ஒட்டினால் இன்னும் மோசமாகச் சாயும். எடை சரியாக இருந்தும் சாய்ந்தால், அந்தப் பெட்டியின் கப்ளர் (அடுத்த பெட்டியோடு இணைக்கும் கொக்கி) இரு பக்கமும் தடையில்லாமல் திரும்புகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.